கஞ்சாவுக்கு ஒரு கையெழுத்து

"அன்ரி, இப்ப மெட்ரோவுக்குப் பக்கத்து அரசாங்கக் கடையில வயசு போன ஆக்கள் எல்லாம் வரிசையில நிண்டு கஞ்சா வாங்கிக்கொண்டு போகினம். உங்கட காலத்தில இதுக்கு ஏன் அவ்வளவு கரைச்சல்பட்டனீங்கள்?"

போன மாதம் நிரோஷா தொலைபேசியில் என்னிடம் இப்படிக் கேட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் கிளினிக்கில் சேர்ந்த இளம் தாதி அவள். இங்கேயே பிறந்த பிள்ளை, கெட்டிக்காரி. அவள் கேட்டதில் பிழை இல்லை. ஆனாலும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஏதோ நாங்கள் கரைச்சலை விரும்பித் தேடிப் போனது போல அல்லவா கேள்வி இருக்கிறது! "எழுதித் தாறன், வாசி" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். அதனால்தான் இது.

நான் மட்டக்களப்பில் தாதியாகப் பயின்றவள். எண்பதுகளின் கடைசியில் கனடாவுக்கு, மொன்றியலுக்கு வந்தேன். வந்ததும் நான் தாதி இல்லை என்றார்கள். நகரத்தின் லாசால் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டே பிரெஞ்சு படித்து, பரீட்சை எழுதி, நான் ஏற்கெனவே இருந்த ஆளாக மறுபடியும் ஆவதற்குப் பல வருடங்கள் போயின. அதை எழுதத் தொடங்கினால் அது தனி எரிச்சல். விடுகிறேன்.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில் டவுன்டவுனில் உள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வலி கிளினிக்குக்கு என்னை மாற்றினார்கள். மாதக் கணக்காக, வருடக் கணக்காக வலி தீராதவர்கள் வருகிற இடம் அது. காயம் ஆறிவிடும், எலும்பு பொருந்திவிடும், ஆனால் நரம்பு மட்டும் நிறுத்தாமல் கத்திக்கொண்டே இருக்கும். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆகவே வீட்டிலும் வேலையிலும் யாரும் நம்பமாட்டார்கள். எங்களிடம் வரும்போது பாதிப் பேர் வலியை விட, நம்பப்படாத களைப்பில்தான் இருப்பார்கள்.

கிளினிக்கின் தலைவரை நாங்கள் பெரியவர் என்போம். கியூபெக்காரர், உயரமான மனிதர், தடித்த கண்ணாடி. ஒரு நோயாளியைப் பரிசோதிப்பதில் அவரைப் போல ஒருவரை நான் கண்டதில்லை. முதலில் மனித உருவம் வரைந்த தாளைக் கொடுத்து, எங்கே வலிக்கிறதோ அங்கே சிவப்புப் பென்சிலால் தீட்டச் சொல்வார். பிறகு இரண்டு கைகளையும் வெந்நீரில் கழுவிச் சூடாக்கிக்கொண்டு வருவார். ஒரு பஞ்சை நூல் போல முறுக்கி, நல்ல தோலில் தொடங்கி, நோகும் பக்கத்தை நோக்கி மெல்ல இழுத்துக்கொண்டு போவார். நோயாளி கண்ணை மூடிக்கொண்டிருக்க வேண்டும். தொடுகை மாறுகிற இடத்தில் "இங்கே" என்றதும் தோலில் பேனையால் ஒரு புள்ளி. பிறகு வேறு திசையிலிருந்து இன்னொரு புள்ளி. கடைசியில் புள்ளிகளை இணைத்தால் அந்த நரம்பு ஓடுகிற பாதை உடம்பின் மேல் படமாக வந்துவிடும். எவ்வளவு நேரம் எடுத்தாலும் அவசரப்படமாட்டார். பலர் அந்தப் படத்தைக் கண்ணாடியில் பார்த்து அழுதிருக்கிறார்கள். கடைசியில் ஒருவருக்காவது அது தெரிந்துவிட்டதே என்ற அழுகை.

அதே மனிதர் ஒரு முடிவு எடுக்க வேண்டும் என்றால் போதும், "ஓன் வெர்ரா" என்பார். பிரெஞ்சில் 'பார்ப்போம்' என்று அர்த்தம். மருந்தை மாற்றலாமா? ஓன் வெர்ரா. புதுத் தாதி வேண்டுமே? ஓன் வெர்ரா. அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்கு இரத்த அழுத்தம் ஏறியிருக்கும்.

அப்போதுதான் கஞ்சாவை மருந்தாக வைத்திருக்க அனுமதிக்கும் சட்டம் வந்திருந்தது. வந்த விதத்தைக் கேளுங்கள். நோயாளி ஒட்டாவாவில் உள்ள மத்திய அரசாங்கத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். வழக்கமான மருந்துகள் பலன் தரவில்லை என்று டொக்டர் கையெழுத்து வைக்க வேண்டும். நரம்பு வலி போன்றவற்றுக்கு நிபுணர் ஒருவரின் ஒப்புதலும் வேண்டும். நோயாளியின் புகைப்படத்தின் பின்புறத்திலும் டொக்டர் கையெழுத்து வைக்க வேண்டும். ஆனால் டொக்டர்மாரின் தலைமைச் சபையோ, இது நிரூபிக்கப்பட்ட மருந்து அல்ல, கவனமாக இருங்கள் என்று டொக்டர்மாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒருவர் கதவைத் திறக்க, மற்றவர் அதே கதவைப் பிடித்துச் சாத்த, நடுவில் நாங்கள். யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

ஸ்டெல்லா அக்கா எங்களிடம் வந்தது அந்தக் காலத்தில்தான்.

மன்னார்க்காரர், கத்தோலிக்கர், கணவரை இழந்தவர். அறுபது வயதைத் தாண்டியிருந்தார். நகரத்தின் வடக்கே கார்ட்டியர்வில்லில் மகன் ரெஜியுடன் இருந்தார். ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் நெடுங்காலம் வேலை செய்தவர். இடது பக்கம், மார்பிலிருந்து முதுகு வரை, அக்கி வந்தது. கொப்புளங்கள் காய்ந்துவிட்டன. நரம்பு மட்டும் ஆறவில்லை. அந்த இடத்தில் துணி பட்டால் நெருப்புத் தணல் பட்டது போல இருக்கும். அதனால் வலது கையால் சட்டையை எந்நேரமும் உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டே இருப்பார். சாப்பிடுவதும் இடது கையால்தான். இரவில் போர்வை பட்டாலும் எரியும் என்பதால் நித்திரையும் இல்லை. பூசைக்குப் போனால் கடைசி வாங்கில், குளிர்கோட்டுக்குள் கையை வைத்தபடி இருப்பார்.

எங்களிடம் வரவே அவருக்கு ஆறு மாதம் பிந்திவிட்டது. ஏன் என்று அவருடைய பழைய காகிதங்களைப் புரட்டியபோதுதான் கண்டேன். முதலில் பார்த்த பயிற்சி டொக்டர் ஆங்கிலத்தில் "இப்போது வலி இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறார். அக்கா, "நோ. சரியான நோ" என்றிருக்கிறார். நமக்கு நோ என்றால் வலி. அந்தப் பிள்ளை 'வலி இல்லை' என்று எழுதி அனுப்பிவிட்டது. ஸ்டெல்லா அக்கா அதைச் சொல்லும்போது சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெரியவர் வரிசையாக எல்லாவற்றையும் கொடுத்துப் பார்த்தார். முதல் மாத்திரையில் தலை சுற்றிக் குளியலறையில் விழுந்தார். அடுத்ததில் கால்கள் வீங்கின. மிளகாயிலிருந்து எடுக்கும் ஒரு களிம்பை நான் விளக்கியபோது, ஊரில் தாதியைக் கூப்பிடுகிற மாதிரியே, "மிஸ்ஸி, எரியிற இடத்தில மிளகாய்த்தூளோ பூசச் சொல்லுறீங்கள்?" என்று கேட்டார். பூசினார். பாவம், அன்று முழுக்க ஈரத்துணியோடு இருந்தாராம். கடைசியில் அபின் வகை மாத்திரை. அது கொஞ்சம் கேட்டது, ஆனால் சாப்பிட்டதெல்லாம் வாந்தி.

ஒரு நாள் பெரியவர், பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டே, "கஞ்சாவைப் பற்றி யோசிக்கலாம்" என்றார். மொழிபெயர்ப்பது என் வேலை. நான் மூலிகை, இலை மருந்து என்று சுற்றி வளைத்தேன்.

"கஞ்சாவோ மிஸ்ஸி?" என்றார் அக்கா.

"ஓம் அக்கா. கஞ்சாதான்."

பக்கத்தில் இருந்த ரெஜி எழும்பிவிட்டான். அவன் அமெரிக்காவுக்குச் சரக்கு ஏற்றும் பெரிய லொறி ஓட்டுபவன். "மிஸ்ஸி, நான் கிழமைக்குக் கிழமை போடர் கடக்கிறவன். அங்க நாய் வந்து லொறியைச் சுத்தி மணக்கும். என்ர சேட்டில ஒரு தூள் ஒட்டியிருந்தாலும் சரி, வாழ்நாளுக்கு என்னை உள்ளுக்க விடாங்கள். வேலையும் போச்சு, எல்லாம் போச்சு. இவ கோயிலுக்கு மாலை கட்டினவ. இவவுக்குக் கஞ்சா குடுக்கப் போறீங்களோ?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. சட்டம் எழுதியவர்கள் யாரும் ஒரே வீட்டில் லொறிக்காரன் ஒருவனும் இருப்பான் என்று யோசிக்கவில்லை. நான் பதில் தேடிக்கொண்டிருக்க, அக்கா கேட்டார்.

"ரெஜி, உனக்கு நோகுதோ?"

"இல்லை அம்மா."

"அப்ப நீ பேசாமல் இரு."

பெரியவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்ன சொன்னார்கள் என்று என்னைக் கேட்டார். சொன்னேன். தலையாட்டினார். "ஓன் வெர்ரா" என்றார்.

பனிக்காலம் முழுவதும் அந்த 'பார்ப்போம்' நீண்டது. அக்கா தன் பங்குத் தந்தையிடமும் கேட்டுப் பார்த்திருக்கிறார். "மருந்தெண்டால் மருந்துதான், ஆனா கோயில் ஆக்களுக்குச் சொல்லிக்கொண்டு திரியாதேயுங்கோ எண்டவர்" என்றார். கடவுளின் ஆள் கூட ஒரு முடிவு சொல்லிவிட்டார். எங்கள் ஆள் சொல்லவில்லை. நான் ஒவ்வொரு கிழமையும் விண்ணப்பத்தை அவருடைய மேசையில் மேலே எடுத்து வைப்பேன். அடுத்த கிழமை அது அடியில் கிடக்கும். சபையிலிருந்து விளக்கம் கேட்டால் என்ன செய்வது என்பதுதான் அவருடைய பயம். ஓய்வுக்குக் கிட்டவாக இருந்த மனிதர். எனக்கு விளங்கியது. விளங்கியதால் எரிச்சல் குறையவில்லை.

பங்குனி மாதம் என்று நினைக்கிறேன். அபின் வகை மாத்திரை எடுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் போத்தலைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். அக்கா கொண்டுவந்த போத்தல் கிட்டத்தட்ட நிறைந்திருந்தது.

"அக்கா, வாந்தி எண்டு நிப்பாட்டிப்போட்டீங்களோ?"

"ஓம்."

"அப்ப ஏன் பார்மசியில திரும்பவும் எடுத்தனீங்கள்?"

அவர் கதவைப் பார்த்தார். ரெஜி வெளியில் இருந்தான். "வைச்சிருக்கிறன் மிஸ்ஸி" என்றார். "ஒரு நாளைக்குத் தேவைப்படும் எண்டு."

அவரது பக்கத்தில் இருந்து, வேறு யாராவது இதை அறிவார்களா என்று கேட்டேன். இல்லை என்றார். "நான் இதை டொக்டருக்குச் சொல்லத்தான் வேணும் அக்கா" என்றேன். "சொல்லுங்கோ" என்றார், யாரோ ஒருவருடைய விடயத்தைப் பற்றிப் பேசுவது போல. "எனக்கு மனவருத்தம் ஒண்டும் இல்லை. எனக்கு இருக்கிறது நோ. அது போனால் நான் ஏன் சாகிறன்?"

போத்தலை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். பெரியவர் வேறு நோயாளியை இடையில் விட்டுவிட்டு வந்து அக்காவின் முன்னால் கதிரையைப் போட்டு இருந்தார். நீண்ட நேரம் கதைத்தார். பிறகு விதிப்படி மனநல டொக்டரை அழைத்தார். அக்காவைச் சில நாட்கள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அது செய்யத்தான் வேண்டும், அதில் எனக்கு முறைப்பாடு இல்லை. முறைப்பாடு அதற்குப் பிறகு வந்த குறிப்பில். நோயாளி மனச்சோர்வுடன் இருப்பதால் இப்போதைக்குக் கஞ்சா உகந்ததல்ல என்று மனநலப் பகுதி எழுதியிருந்தது. அதாவது, வலி தாங்காமல் சாக நினைத்தார். சாக நினைத்ததால் வலிக்கு மருந்து தரக்கூடாது.

பெரியவர் அந்தக் குறிப்பை இரண்டு தரம் வாசித்தார். மனநல டொக்டரைத் தொலைபேசியில் பிடித்தார். அவருடைய குரல் உயர்ந்து நான் கேட்ட ஒரே நாள் அதுதான். "உங்கள் மனச்சோர்வு மருந்து அவருடைய நரம்பைத் தொடாது, ஐயா" என்று பிரெஞ்சில் திரும்பத் திரும்பச் சொன்னார். ரிசீவரை வைத்துவிட்டு, விண்ணப்பத்தைக் குவியலின் அடியிலிருந்து தானே இழுத்தெடுத்துக் கையெழுத்து வைத்தார். பேனை தாளைக் கிழித்துவிடுமோ என்று பார்த்தேன்.

ஒட்டாவா அதைத் திருப்பி அனுப்பியது. படத்தின் பின்புறக் கையெழுத்து தெளிவாக இல்லையாம். மறுபடியும் படம், மறுபடியும் கையெழுத்து. கோடை தொடங்கிய பிறகுதான் அனுமதி அட்டை வந்தது. பின்னால் அரசாங்கத்தின் கஞ்சாவும் கூரியரில் வந்தது. பொதியைத் திறந்தால் தூளும் காம்பும். கடைசிச் சாக்கில் கூட்டி அள்ளிய தேயிலை போல இருந்தது.

ரெஜி வீட்டில் சண்டை போடவில்லை. மாத்திரைக் கதையை அம்மாவே அவனுக்குச் சொல்லியிருந்தார். அவன் செய்தது இதுதான்: தன் வேலை உடுப்பு, சப்பாத்து, பை எல்லாவற்றையும் லாசாலில் லொறிகள் நிற்கும் யார்டில் ஒரு லொக்கரில் வைத்துவிட்டான். ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய், அங்கே குளித்து, முழுக்க மாற்றிக்கொண்டுதான் லொறியில் ஏறுவான். திரும்பி வந்ததும் அதே மாதிரி. உறைபனியிலும் அப்படித்தான். "என்ன செய்யிறது மிஸ்ஸி, நாய்க்கு அட்டை காட்டேலாதே" என்றான்.

ஸ்டெல்லா அக்காவுக்குப் புகைக்கத் தெரியாது. இலையைச் சூடாக்கி ஆவியை மட்டும் இழுக்கும் கருவி ஒன்று வாங்கினார்கள். ஒரு சனிக்கிழமை பகலில் நான் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் இருந்தேன். ஒரு மூச்சு, பிறகு பொறுத்திருந்து பார்ப்பது. முதல் முறை இருமல்தான் மிச்சம். இரண்டாம் முறை தலை சுற்றுகிறது என்று கட்டிலில் சாய்ந்துவிட்டார். எனக்கே பயமாகிவிட்டது. அளவைக் குறைத்து, நேரத்தை மாற்றி, ஒரு மாதம் போலத் தட்டுத் தடுமாறினோம். பிறகு ஒரு நாள் கிளினிக்கில் வந்து சொன்னார்:

"நோ இருக்கு மிஸ்ஸி. ஆனா கொஞ்சம் தள்ளிப் போய் இருக்கு."

இருபத்தைந்து வருடத்துக்கு மேல் தாதியாக இருந்துவிட்டேன். ஒரு மருந்தின் வேலையை இதை விடச் சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. அது அற்புத மருந்து அல்ல. எங்களிடம் வந்த வேறு சிலருக்கு அது ஒன்றும் செய்யவில்லை. ஒருவருக்கு நெஞ்சு படபடத்துப் பெரிய கலவரமாகிப் போனது. ஆனால் அக்காவுக்கு அது போதுமாக இருந்தது. சட்டையை விட்டுவிட்டு இரண்டு கையாலும் புட்டுக் குழைக்கிறேன் என்றார்.

இத்துடன் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அனுமதி ஒரு வருடத்துக்குத்தான். அது தீரும் காலத்தில் பெரியவர் ஓய்வு பெற்றுவிட்டார். அவரது இடத்துக்கு வந்தவர் இளையவர், நன்றாகப் படித்தவர், மரியாதையானவர். ஸ்டெல்லா அக்காவின் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "போதிய ஆதாரம் இல்லாத மருந்துக்கு நான் கையெழுத்து வைப்பதில்லை" என்றார். வேண்டுமென்றால் அபின் வகை மாத்திரையை மறுபடியும் தொடங்கலாமாம்.

"அந்த மாத்திரையைத்தான் இவர் சேர்த்து வைத்திருந்தார். கோப்பிலேயே இருக்கிறது" என்றேன்.

"ஆனால் இப்போது இவருக்கு மனச்சோர்வு இல்லையே" என்றார்.

நான் அக்காவுக்கு அதை மொழிபெயர்க்கவில்லை. எப்படி மொழிபெயர்ப்பது? அக்கா என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

கிளினிக்கின் நடைகூடத்தில் ரெஜி என்னை மறித்தான். யார்டிலிருந்து நேரே வந்திருந்தான், கண் சிவந்திருந்தது. "மிஸ்ஸி, வெளியில வருத்தக்காரருக்கு எண்டு ஒரு இடத்தில கஞ்சா விக்கினமாமே. எங்க எண்டு தெரியுமோ?"

தெரியும். நகரத்தில் அப்படி ஓர் இடம் இருந்தது. சட்டப்படி அது குற்றம். பொலிஸ் கண்டும் காணாமல் விட்டிருந்தது. ஒரு தாதி நோயாளியை அங்கே அனுப்பக் கூடாது. கேட்டால் தெரியாது என்று சொல்லவேண்டும் என்றுதான் எங்களுக்கு அறிவுறுத்தல்.

நான் சொன்னேன். எந்த மெட்ரோ, எந்த வாசல், எந்தத் தெரு, எத்தனையாவது மாடி, எல்லாம். தமிழில் சொன்னேன். பிறகு அதையே பிரெஞ்சில் இன்னும் உரக்கச் சொன்னேன். ரெஜிக்காக அல்ல. டொக்டரின் அறைக் கதவு திறந்திருந்தது, அவருக்கும் கேட்கட்டும் என்றுதான்.

கேட்டது. அடுத்த நாளே தாதிகளுக்குப் பொறுப்பான அம்மையார் என்னை அழைத்தார்.

"நீங்கள் செய்தது சட்டத்துக்கு மாறானது, தெரியுமா?"

"தெரியும், மடாம்."

"பிறகு ஏன்?"

"அந்த அம்மாவிடம் அரசாங்கத்தின் அனுமதி இன்னும் இருக்கிறது. கிழமைக் கணக்கில் தீரப்போகிறது. இந்தக் கட்டடத்துக்குள் இருக்கும் ஒரு கையெழுத்துத்தான் இல்லை. அதற்காக அவரைத் தெருவுக்கு அனுப்பியது நானா, நாங்கள் எல்லோருமா?"

அவர் கோப்பை வாங்கி முதலிலிருந்து வாசித்தார். 'வலி இல்லை' என்ற அந்தப் பழைய பக்கத்தில் நிறுத்தி, இது என்ன என்று கேட்டார். சொன்னேன். மனநலக் குறிப்பில் நிறுத்தினார். அதையும் சொன்னேன். கடைசியில் எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை தந்தார். ஒழுங்கு ஒழுங்குதான் என்றார். நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். பிறகு அவர் கோப்பை அக்குளில் வைத்துக்கொண்டு புது டொக்டரின் அறைக்குப் போனார். கதவைச் சாத்தினார். என்ன பேசினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

புது டொக்டர் கையெழுத்து வைத்தார். கூடவே, தான் இதைப் பரிந்துரைக்கவில்லை, நோயாளியின் விருப்பத்தை மட்டுமே பதிவு செய்கிறேன் என்று ஒரு பக்கம் எழுதி இணைத்தார். எழுதட்டும். அவருடைய அந்தப் பக்கம் ஒருவரையும் நோகச் செய்யவில்லை.

புதுப்பித்த அட்டை வீட்டுக்குத்தான் போகும், கிளினிக்குக்கு வராது. வழியில் மறுபடியும் எதற்காவது திருப்பி அனுப்பியிருப்பார்களோ என்று எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு புதன்கிழமை மதியம், பிற்பகல் நோயாளிகள் தொடங்குவதற்கு முன் தொலைபேசி எடுத்தேன். ரெஜி எடுத்தான். குரலைத் தாழ்த்திக் கதைத்தான்.

"ஓம் மிஸ்ஸி, அட்டை காலமைதான் வந்தது. அம்மா நித்திரை. எழுப்பட்டோ?"

"வேண்டாம் தம்பி, எழுப்பாதேயும்" என்றேன். தொலைபேசியை வைத்துவிட்டு, முதல் நோயாளியின் பெயரைக் கூப்பிட்டேன்.